மிதி மேலே வராதபோது

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்கு வரும் பழைய நெடுஞ்சாலையில் நேராகக் கிடக்கும் துண்டுகள் குறைவு. ஒரு பக்கம் கடைப் படிகள் தார் விளிம்பு வரை இறங்கியிருக்கும். மறுபக்கம் வெட்டி இறக்கிய செம்மண் மேடு நிற்கும். கிளைச் சாலைகள் இன்னும் குறுகல், ஏற்றமும் இறக்கமும் அதிகம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. அக்சிலேட்டர் மிதி அழுத்திய இடத்திலேயே சிக்கிக்கொள்கிறது, என்ன ஆயிற்று என்று ஓட்டுபவருக்குப் புரிய மூன்று நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 50 மீட்டர் தாண்டியிருக்கும், வேகமும் ஏறியிருக்கும். அந்த 50 மீட்டருக்குள் ஒரு வளைவோ பஸ் நிறுத்தமோ பள்ளி வாசலோ வராமல் இருப்பது இந்தச் சாலையில் அரிது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மிக எளிது. பிரேக்கை ஒரே மூச்சில் முழுப் பலத்தோடு மிதித்து, காலை எடுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். வண்டியை ஓரத்துக்குக் கொண்டுவந்து, முழுதாக நின்ற பிறகே எஞ்சினை அணைக்க வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் கூட ஆகாது. ஆனாலும் அனுபவமுள்ள ஓட்டுநர்களே இதைச் செய்ய முடியாமல் இறந்திருக்கிறார்கள். தெரிந்திருந்தும் ஏன் கை போகவில்லை என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வி. அதற்கான பதிலின் பெரும்பகுதி நாம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் மைதானத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

உலகம் முழுவதும் இந்த ஆபத்தைப் பேசவைத்தது, அமெரிக்காவில் சான்டியாகோவை அடுத்த சான்டி என்ற ஊரில் 2009 ஆகஸ்ட் 28 அன்று நடந்த விபத்து. கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல்துறை அதிகாரி ஒருவர் தன் காரைப் பழுதுபார்க்க விட்டிருந்தார். அதற்குப் பதிலாக விற்பனை நிலையம் தற்காலிகமாகக் கொடுத்த லெக்ஸஸ் இஎஸ் 350 காரில் குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார். மிதி சிக்கியது. வண்டி மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தைத் தொட்டது. பிரேக் பிடிக்கவில்லை என்று உள்ளிருந்தவர் அவசர உதவி எண்ணில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, நெடுஞ்சாலை முடியும் சந்திப்பில் இன்னொரு வாகனத்தில் மோதி உருண்டது. அதிகாரி, அவர் மனைவி, மகள், மைத்துனர் நால்வரும் இறந்தார்கள். வேறு மாடலுக்கான தடித்த ரப்பர் மேட்டை அந்தக் காரில் போட்டிருந்ததும், அது கொக்கியில் மாட்டப்படாமல் முன்னே நகர்ந்து மிதியைப் பிடித்துக்கொண்டதும் விசாரணையில் தெரிந்தன.

என் மனத்தில் அதிகம் தங்கியது அந்த விசாரணையில் வெளிவந்த வேறொரு செய்தி. சில நாட்களுக்கு முன் அதே காரை அதே மேட்டோடு இரவல் வாங்கிய வேறொருவருக்கும் இதே நிலை நேர்ந்திருக்கிறது. அவர் பிரேக்கை விடாமல் மிதித்தார், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார், வண்டியை நிறுத்தினார். குனிந்து பார்த்தபோது மேட்டின் விளிம்பு மிதியைக் கவ்வியிருந்தது. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அங்கிருந்த ஊழியரிடமும் சொன்னார். அந்தச் சொல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஒரே கார், ஒரே கோளாறு. ஒருவர் வீடு திரும்பினார், நால்வர் திரும்பவில்லை.

இறந்தவரைக் குறை சொல்ல இதில் இடமில்லை. அவர் முன் இருந்தது பழகாத கார். சாவி கிடையாது, பொத்தான்தான். ஓடும்போது எஞ்சினை அணைக்க அந்தப் பொத்தானை மூன்று நொடி விடாமல் அழுத்த வேண்டும். பதற்றத்தில் யாரும் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்களே தவிர, பிடித்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். பிரேக்கும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அதன் காரணத்தை ஓட்டுநர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

பெட்ரோல் காரின் பிரேக் நம் கால் பலத்தால் மட்டும் வேலை செய்வதில்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம் பூஸ்டர் என்ற வட்டப் பெட்டியில் சேர்ந்திருந்து நம் காலுக்குத் துணை செய்கிறது. அக்சிலேட்டர் முழுதாகத் திறந்து கிடந்தால் அந்த வெற்றிடம் புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்றுபோகும். பெட்டியில் மிச்சமிருப்பது ஒன்றிரண்டு மிதிப்புக்குத்தான் போதும். மிதித்து, விட்டு, மீண்டும் மிதித்தால் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பு கரைகிறது. பிறகு மிதி கல்லாகிவிடும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2007-ல் இதே மாடலைச் சோதித்தது. சாதாரணமாக 30 பவுண்டு, அதாவது சுமார் 14 கிலோ அழுத்தத்தில் நிற்கும் வண்டிக்கு, மிதி சிக்கிய நிலையில் 150 பவுண்டுக்கு மேல், கிட்டத்தட்ட 70 கிலோ அழுத்தம் தேவைப்பட்டது. ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிகளில் சக்கரம் பூட்டாமலிருக்க விட்டு விட்டு மிதிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசான்கள் உண்டு. அந்தப் பழக்கம் இந்த ஒரு நிலையில் உயிரை வாங்கும்.

மெதுவாக, நீண்ட நேரம் பிரேக்கை உரசவிடுவதும் அதே அளவு கெடுதல். பேட் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். நாட்பட்ட பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நனைக்கும் தென்கேரளத்தில் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. சூட்டில் அந்த ஈரம் ஆவியானால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும்.

ஆனால் முதல் மிதிப்பிலேயே முழுப் பலத்தையும் கொடுத்தால் பிரேக் எஞ்சினை வெல்லும். இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள சிறு கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 386 கிலோஜூல். நல்ல பிரேக் அதை மூன்று நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் நிறுத்திவிடும். அப்படியானால் பிரேக் சராசரியாக 120 கிலோவாட் திறனில் ஆற்றலை விழுங்குகிறது. அந்தக் காரின் 80 குதிரைத்திறன் எஞ்சின் உச்சத்தில் கொடுப்பதோ 60 கிலோவாட். அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ் 2009-ல் ஆறு சிலிண்டர் கேம்ரி ஒன்றை மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்திலிருந்து, அக்சிலேட்டரை முழுதாக அழுத்தியபடியே பிரேக் பிடித்து நிறுத்திப் பார்த்தது. வழக்கமாக நிற்கும் தூரத்தைவிட 16 அடிதான் கூடுதலாக ஓடியது.

பிரேக் வெல்லும் என்றாலும் நியூட்ரல்தான் சண்டையையே முடிக்கிறது. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பை அறுத்துவிட்டால், அதன்பின் எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் வண்டியைத் தள்ள முடியாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. சுமை நீங்கிய எஞ்சின் பயங்கரமாக ‘ரேஸ்’ ஆகும். கேட்டிராத அந்த அலறலில், ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி கியரில் போட்டுவிடக் கூடும். எஞ்சின் வெடித்துவிடும் என்ற பயமும் வரும். இன்றைய எஞ்சின்களில் சுழற்சி ஒரு எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. இல்லாத பழைய வண்டியானால் எஞ்சின் போகட்டும்.

எஞ்சினை ஓடும்போதே அணைப்பதை நான் கடைசிக்குத் தள்ளுவேன். அணைத்தால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கின் துணையும் போகும். நியூட்ரல் விழவே இல்லை என்றால் மட்டும் அணைக்கலாம். அப்போதும் சாவியை ஒரு படி மட்டும் பின்னால் திருப்ப வேண்டும். கடைசிவரை திருப்பி உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், வளைவில் வண்டி நேராகப் போய்விடும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். வெடுக்கென்று இழுத்தால் மழையில் நனைந்த தார்ச்சாலையில் வண்டி சுழலும். அதன் பொத்தானை அழுத்திக்கொண்டே சிறிது சிறிதாக இழுக்கலாம். மேட்டை எடுக்கக் கீழே குனிவதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது. செருப்பு நுனியால் மிதியின் அடியைத் தூக்க முடிந்தால் ஒருமுறை முயலலாம். கண்ணும் கையும் சாலையை விட்டு விலகக் கூடாது. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பாயாமல், கியர் தண்டை நியூட்ரலுக்குத் தள்ளினால் போதும். வீட்டில் கார் ஓட்டாதவர்களுக்கும் நியூட்ரல் எங்கே இருக்கிறது என்று காட்டிவைக்கலாம்.

மிதி சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. கம்பெனி மேட்டின்மேல் இன்னொரு மேட். மழைக்காலச் சேற்றுக்குப் பயந்து அதன்மேல் ஒரு கயிற்றுப்பாய். இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் இறக்கத்தில் பிரேக்கின் அடியில் போய் நின்றால், அது சிக்கிய அக்சிலேட்டரைவிட மோசம். பழைய வண்டிகளில் அக்சிலேட்டர் கேபிளின் உறைக்குள் நீர் இறங்கித் துருப்பிடிக்கும், இழை ஒன்று அறுந்து உறைக்குள் குத்தி நிற்கும். மிதியை விட்ட பிறகும் எஞ்சின் சத்தம் தணிய ஒரு நொடி எடுத்தால், அது கேபிள் கொடுக்கும் முன்னறிவிப்பு. டொயோட்டா 2010 ஜனவரியில் அமெரிக்காவில் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது வேறொரு காரணத்துக்காக. மிதிக்குள் இருந்த உராய்வுத் துண்டு தேய்ந்து, ஈரம் படிந்தால் ஒட்டிக்கொண்டு மிதி மெதுவாகத் திரும்பியது. ஒரு மெல்லிய உலோகத் தகட்டைச் செருகி அதைச் சரிசெய்தார்கள்.

கோளாறு மின்னணுவிலும் இருக்கிறதா என்ற சர்ச்சை நீண்டது. அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் நாசா பொறியாளர்கள் பத்து மாதம் ஆராய்ந்தார்கள். அத்தகைய மின்னணுக் கோளாறு எதுவும் கண்டறியப்படவில்லை என்று 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. 2013 அக்டோபரில் ஒக்லஹோமாவில் ஒரு நடுவர் குழு, மென்பொருள் வல்லுநரின் சாட்சியத்தைக் கேட்டபின், ஒரு கேம்ரி விபத்துக்கு டொயோட்டாவே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்புக் குறைகளை மறைத்துப் பொதுமக்களைத் தவறாக வழிநடத்திய குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள 2014 மார்ச்சில் அந்நிறுவனம் 120 கோடி டாலர் கட்டியது. இந்த வழக்குகள் யார் பொறுப்பு என்பதைத் தீர்மானிக்கட்டும். ஓட்டுபவருக்குக் காரணம் எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றே.

பழுதே இல்லாமலும் வண்டி பாயும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பிரேக் என்று நினைத்து அக்சிலேட்டரையே மிதிப்பது அது. 1986 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று ஆடி 5000 கார் தானாகப் பாய்கிறது என்று காட்டியது, விற்பனை சரிந்தது. 1989-ல் அரசு ஆய்வு, மிதி மாறியதே பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்றது. டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் 2019 ஏப்ரலில் 87 வயது ஓட்டுநரின் கார் பாய்ந்து ஒரு தாயும் மூன்று வயது மகளும் இறந்தனர். பிரேக் வேலை செய்யவில்லை என்றே அவர் சொன்னார். மிதி மாறியதாக நீதிமன்றம் முடிவுசெய்து ஐந்தாண்டுச் சிறை விதித்தது. ஆகவே மிதிக்க மிதிக்க வேகம் கூடுகிறது என்றால், முதலில் இரண்டு கால்களையும் தூக்கிவிட வேண்டும். வேகம் தணிந்தால் கால்தான் இடம் மாறியிருந்தது. தணியவில்லை என்றால் பிரேக், நியூட்ரல்.

நம் ஊரில் இதுவரை நம்மை அறியாமல் நம்மைக் காத்தது கிளட்ச். மேனுவல் காரில் பயந்தால் இரண்டு கால்களும் ஒன்றாகக் கீழே போகும். கிளட்ச் மிதிபட்ட கணமே எஞ்சின் பிரிந்துவிடும். யாரும் யோசித்துச் செய்வதில்லை, பழகிய கால் செய்கிறது. 2014-ல் மாருதி செலேரியோ வழியாகக் குறைந்த விலையில் ஏஎம்டி என்ற தானியங்கி கியர் வந்தது. அதன்பின் கிளட்ச் இல்லாத கார்கள் கிராமத்துச் சாலைகளுக்கும் வந்துவிட்டன. நெரிசலில் இடது கால் வலி மிச்சமாவது உண்மைதான். ஆனால் இருபது வருடம் மேனுவல் ஓட்டியவர் ஆட்டோமேட்டிக்குக்கு மாறும்போது அவர் இடது காலுக்கு வேலை போய்விடுகிறது. இடது கை அந்த வேலையை ஏற்கப் பழக வேண்டும். புது காரை ஒப்படைக்கும்போது ப்ளூடூத் இணைப்பதைக் காட்டித்தருபவர்கள் இதைக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஸ்கூட்டரில் கிளட்ச் லிவர் கிடையாது. திருகு பிடியில் கேபிள் சிக்கினால், அல்லது நிலைதடுமாறி விழப்போகும் கை பிடியையே இழுத்துப் பிடித்து மேலும் திருகினால், வண்டி துள்ளி ஓடும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினை அணைப்பதே வழி. 2020-க்குப் பின் வந்த பல ஸ்கூட்டர்களில் வலது கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் அணைக்கும் சுவிட்ச் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தொடத் தெரிந்திருக்க வேண்டும். பைக்கிலும் ஆட்டோவிலும் கிளட்ச் இடது கையில் இருக்கிறது, இழுத்துப் பிடித்தால் போதும். டீசல் வண்டிக்கு மட்டும் தனியாக ஓர் ஆபத்து உண்டு. டர்போவின் சீல் கசிந்து எஞ்சின் தன் ஆயிலையே குடிக்கத் தொடங்கினால் சாவியைத் திருப்பினாலும் அணையாது. வண்டியை நிறுத்தி, பிரேக்கை முழுதாக மிதித்தபடி உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி நிற்கும்.

இப்போது மைதானத்துக்கு வருகிறேன். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக் கோட்டுக்கு மேற்கே கார் உரிமம் எடுக்கப் போகிறவர் கம்பிகளுக்கு நடுவே ‘எச்’ எடுப்பார். கிழக்கே ‘எட்டு’ போடுவார். பேச்சிலும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதிலும் சந்தை நாளிலும் கோடு தெரியாத இந்த ஊர்களில், இரு வகையிலும் உரிமம் எடுத்தவர்கள் ஒரே சாலையில் எதிரெதிரே வருகிறார்கள். இரண்டு தேர்வும் நடக்கும் வேகத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கின்றன. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி இதைவிட அதிகம் கேட்கிறது. ஏற்றத்தில் பின்னால் உருளாமல் எடுப்பது, இறக்கத்தில் கீழ் கியருக்கு மாற்றுவது, அவசரத்தில் வண்டியை நிறுத்துவது எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. கேரள அரசு 2024-ல் தேர்வைக் கடினமாக்க முனைந்தபோது, கோணலாகவும் சாலைக்கு இணையாகவும் பார்க்கிங் செய்வது, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது ஆகியவற்றைச் சேர்க்கச் சொன்னது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் எதிர்த்துப் போராடின. வாக்குவாதம் பெரும்பாலும் மைதானத்தைப் பற்றியும் வண்டிகளைப் பற்றியும் நடந்தது. மிதி சிக்கினால் என்ன செய்வாய் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கழக்கூட்டத்திலிருந்து வரும் நாற்கரப் புறவழிச்சாலை இப்போது பாறசாலையை ஒட்டிய காரோடு வரை வந்துவிட்டது. முக்கோலையிலிருந்து இந்தப் பகுதி கான்கிரீட் தளம். பழைய சாலையில் 50-ல் நகர்ந்த கார்கள் அங்கே 100-ஐத் தொடுகின்றன. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகும்.

சட்டத்தின் வாசல் ஒன்றும் திறந்திருக்கிறது, அதை நாம் தட்டுவதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. ஒரு மாடலின் உரிமையாளர்களில் குறிப்பிட்ட விகிதத்தினர் புகார் பதிந்தால் அந்தச் சக்கரம் சுழலத் தொடங்கும். மிதி சிக்கி, தப்பி, வழியில் ஒரு பட்டறையில் கேபிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு போகிறவரின் அனுபவம் எந்தக் கணக்கிலும் சேராது. சான்டி விபத்துக்கு முன் அதே காரை ஓட்டியவர் சொன்னது ஊழியரோடு நின்றுபோனதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பட்டறைக்குப் போகும் முன் மேட்டையும் மிதியையும் இருந்தபடியே படம் எடுத்துவைத்து, அரசின் வாகனத் தளத்தில் புகார் பதிவது அடுத்தவருக்குச் செய்யும் உதவி.

பயிற்சிக்குச் செலவே இல்லை. பள்ளியின் காரில் பயிற்றுநரின் பக்கத்திலும் பிரேக் இருக்கிறது. காலியான நேர்ச்சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவர் முன்னறிவிப்பில்லாமல் ‘சிக்கிடுச்சு’ என்று சொல்லட்டும். கற்பவர் பிரேக்கை மிதித்து, சாலையிலிருந்து கண் எடுக்காமல் நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரம் கட்டட்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஒரு வாரம் செய்தால் கை தானாகவே போகும். ஆட்டோமேட்டிக் வாங்கியவர் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி டி-யிலிருந்து என்-னுக்குத் தண்டைத் தள்ளிப் பார்க்கலாம். பல கார்களில் அதற்குப் பொத்தானை அழுத்தக்கூட வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் எப்படி என்பது கையேட்டில் இருக்கும். பிரேக்கும் அக்சிலேட்டரும் சேர்ந்து அழுத்தப்பட்டால் எஞ்சினைத் தானே அடக்கும் வசதி உண்டா என்பதும் அதிலேயே இருக்கும். தேர்வில் இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும். எச் எடுத்து முடித்து வெளியே வரும் பாதையில், ஆய்வாளர் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, கற்றவரின் இடது கை எங்கே போகிறது என்று பார்க்கலாம்.